தென்மேற்கு மூலைக்கு ஆறு மூட்டை

ரோஹிணியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் கிழக்குத் தாம்பரத்தில் நிறையப் பேர் உண்டு. ரோஹிணியே எதையோ பார்த்துப் பயந்தாள் என்று சொன்னால் நம்புகிறவர்கள்தான் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஒரு மெட்ரிக் பள்ளியின் ஆபீஸ் அறையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். டி.சி. கேட்டு வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டு வருகிற அப்பாக்கள், மூக்குக் கண்ணாடிக்கு மேலே எழும்பும் அவள் பார்வையைக் கண்டதும் பெட்டிப் பாம்பாய் அடங்கி, எப்போது வரட்டும் மேடம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் ஒரு தடவைக்கு மேல் கேட்டதில்லை.

அப்பா அம்மா காலமான பிறகு தம்பி ஸ்ரீவத்சன் குடும்பத்தோடு சேலையூரில் வாடகை வீட்டில் இருந்தாள். தம்பிக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவி ஹர்ஷா காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். அவர்களுக்கு ஒரே பெண், ஆறு வயசு ஸ்ம்ருதி. ஹர்ஷா நல்ல பெண்தான். ஆனால் அளந்து பேசுவாள். கல்யாணமாகி வந்து ஒன்பது வருடத்தில் நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை வம்பளந்ததும் இல்லை. "சரிக்கா" என்ற ஒரே சொல்லில் குடும்பம் நடந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பத்துப் பன்னிரண்டு வருடமாக வளர்ந்து வந்த ஒரு நகரில் அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து மனை வாங்கினார்கள். மாசி மாதம் பூமி பூஜை போட்டார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதுக்குத் திரும்புகிற ஸ்ரீவத்சனுக்கு வீடு கட்டுவதைப் பார்த்துக்கொள்ள ஏது நேரம்? யாராவது கேட்டால், அதெல்லாம் அக்கா பார்த்துக்குவா என்பான். அக்காவும் பார்த்துக்கொண்டாள். அப்பப்பா, அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மனைக்குத்தான். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஸ்கேலை வைத்து அளந்தாள். செங்கல்லை ஒன்றோடு ஒன்று தட்டிச் சத்தம் கேட்டாள். மேஸ்திரி லோகநாதன் அந்தப் பக்கத்து ஊர்க்காரர், முப்பது வருடம் கரண்டி பிடித்தவர். அவரே, இந்த அக்காவுக்குப் பதில் சொல்றதுக்கு இன்னும் ரெண்டு மாடி கட்டிட்லாம் என்று சித்தாள்களிடம் புலம்புவாராம்.

எஞ்சினியர் ஜீவானந்தம் சின்ன வயசுக்காரர், வாய் அதிகம் பேசாதவர். ஆனால் முதல் நாளே ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். அந்த மனையில் போர் போட்டதும் வந்த தண்ணீர் உப்பு. வாயில் வைத்தால் கரிக்கும். அதனால் போர்த் தண்ணீர் கை கால் கழுவ மட்டும்தான், சிமெண்ட் வேலைக்கு எல்லாம் லாரித் தண்ணீர் என்றார். ரோஹிணி தலையாட்டினாள். உப்புத் தண்ணீரில் கட்டினால் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அசிங்கமாக இருக்கும், அதற்காகச் சொல்கிறார் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். ஊரையே கேள்வி கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவில்லை.

சித்திரையில் ரூஃப் கான்கிரீட். பள்ளிக்கூடம் லீவு. விடிந்ததுமே கலவை மிஷின் வந்து இறங்கியது. மிஷினுக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, எல்லோருக்கும் வடையும் டீயும் கொடுத்தாள் ரோஹிணி. மத்தியானத்துக்குப் பிரியாணி சொல்லியிருந்தது. ஜீவானந்தம் வந்து கம்பியெல்லாம் சரி பார்த்து, முக்கால்வாசி முடிகிற வரைக்கும் நின்றார். பிறகு இன்னொரு சைட்டில் அவசரம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது, டிரம்மில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மூன்றாவது லாரி வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தண்ணீர் நிரப்புகிற கிணற்றில் கரண்ட் இல்லை என்று லாரிக்காரன் ஒரு தடவை சொன்னான். அப்புறம் போனையே எடுக்கவில்லை. மேடவாக்கம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது, கோடை மழை. பாக்கி இருந்தது தென்மேற்கு மூலை மட்டும். நைருதி மூலை என்பார்களே, அதுதான். பெரிய படுக்கை அறைக்கு மேலே ஒரு துண்டு.

லோகநாதன் மேலிருந்து இறங்கி வந்தார். "பாதில வுட்டா ஜாயின்ட் வுட்டுக்கும்க்கா, ஜென்மத்துக்கும் ஒழுகும். லாரிக்காரன் போன் எட்க்க மாட்றான். போர் தண்ணி கீது. ஒரு ஆறு மூட்டைதான். இன்னா சொல்றீங்கோ?"

ரோஹிணி ஜீவானந்தத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு தடவை போட்டிருக்கலாம். மேலே பதினெட்டுப் பேர் சட்டியும் மண்வெட்டியுமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவள் இன்னொருவரைக் கேட்டுத்தான் பதில் சொல்வாளா என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய அந்த நிமிஷத்தில் தலையை ஆட்டினாள். வாயால் சொல்லக்கூட இல்லை. மோட்டார் ஓடியது, ஆறு மூட்டை சிமெண்ட் கலந்தார்கள், மூலை மூடியது. வேலை முடிந்து இருபது நிமிஷத்தில் லாரி வந்து ஹாரன் அடித்தது. மழை வரவே இல்லை.

அன்றைக்கு அவளுக்குப் பயமும் இல்லை ஒன்றும் இல்லை. கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தோம் என்ற சந்தோஷம்தான். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தாள்.

எதிர் வீட்டில் கனகவல்லி என்று ஓர் அம்மாள். அறுபது வயசிருக்கும். கட்டட வேலைக்குக் கரண்ட் இழுத்துக்கொள்ள முதலில் இடம் கொடுத்தவர் அவர்தான். கான்கிரீட் போட்டு ஐந்தாம் நாள், அது இறுகுவதற்காக மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தேக்கியிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு ரோஹிணி இறங்கி வரும்போது, கொஞ்சம் உள்ளே வாம்மா, ஒன்று காட்டுகிறேன் என்று கூப்பிட்டார். போனாள். படுக்கை அறையில் கட்டில் மேல் சிமெண்டுக் கட்டிகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மேலே அண்ணாந்து பார்த்தால் கூரையில் பெரிய பள்ளம். உள்ளே கம்பிகள் தெரிந்தன. அதைக் கம்பி என்றே சொல்ல முடியாது. செம்மண் நிறத்தில் ஊதிப்போய், விரல் பட்டால் அப்பளம் போல உதிர்ந்தது. முந்தின நாள் மத்தியானம் அவர் வீட்டுக்காரர் அந்தக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தாராம். கேஸ் சிலிண்டர்காரன் பெல் அடித்தான் என்று எழுந்து போனார், அடுத்த நிமிஷம் விழுந்திருக்கிறது.

"போர் தண்ணில கட்னதும்மா. அப்ப யாருக்குத் தெரியும்? பத்து வருஷம் ஒண்ணும் தெரில. உள்ளயே இருந்துகினு அந்த உப்பு கம்பியத் தின்னுட்ச்சி" என்றார் கனகவல்லி.

ரோஹிணி ஐயோ என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். காப்பி போடுகிறேன் என்று அந்த அம்மாள் சொன்னதும், வேண்டாம் என்று இவள் சொன்னதும், தெருவைக் கடந்து வந்ததும் எதுவும் நினைவில் இல்லை. பாதி கட்டின தன் வீட்டுக்குள் வந்து, அந்த மூலைக்குக் கீழே, முட்டுக்கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றாள். மேலே பலகை. பலகைக்கு மேலே தன் தலையசைப்பு. அந்த அறை தம்பிக்கும் ஹர்ஷாவுக்கும் குழந்தைக்கும் என்று பிளான் போட்டபோதே முடிவானது. ஒரு சுவர் முழுக்க அலமாரி, ஒரு சுவரில் ஜன்னல், ஒரு சுவரில் பாத்ரூம் கதவு. கட்டில் போட அந்த மூலையை விட்டால் வேறு இடமே கிடையாது. சாட்சாத் அந்த ஆறு மூட்டைக்குக் கீழேதான் ஸ்ம்ருதியின் தலை இருக்கும். அங்கேயே ஜல்லி மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ஜீவானந்தம் வந்தபோது, தெரிந்தவர்கள் வீட்டில் என்று ஆரம்பித்து, கொஞ்சமே கொஞ்சம் உப்புத் தண்ணீர் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் குனிந்து செங்கல்லை எண்ணிக்கொண்டே சொன்னார். உடனே ஒன்றும் ஆகாது, அதுதான் அதில் மோசம். ஐந்து வருடமோ பத்து வருடமோ உள்ளுக்குள்ளேயே துருப் பிடிக்கும், வீங்கும், ஒருநாள் பிளந்துகொண்டு விழும், எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்தவர்களிடம் எஞ்சினியரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். சரி சொல்கிறேன் என்றாள் ரோஹிணி.

அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்கிறேன். அவள் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அக்காவுக்குத் தெரியாததா என்ற தம்பியின் ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதன் மேல்தான் அவள் குடியிருந்தாள். அது போய்விட்டால், தம்பி பெண்டாட்டியின் "சரிக்கா"வில் ஒண்டிக்கொண்டிருக்கும் ஒரு வயசான நாத்தனார், அவ்வளவுதான். இதைச் சொன்ன நிமிஷமே ஹர்ஷாவின் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு யாராவது பார்த்திருக்க வேண்டும் என்று அந்த முகம் நினைக்கும். அந்தப் பயம் ஒரு பக்கம், கூரை விழும் என்ற பயம் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

சொல்லாமல் என்னென்ன செய்தாள் தெரியுமா? உப்பு மாங்காயில் உப்புக் கூடிப் போனால் நாலு தடவை நல்ல தண்ணீரில் அலசுவார்கள் அல்லவா, அந்த மாதிரி கான்கிரீட்டை அலசினாள். மொட்டை மாடியில் அந்த மூலைப் பாத்தியில் இருந்த தண்ணீரைத் தினம் இரண்டு வேளை மொண்டு கொட்டிவிட்டு, லாரித் தண்ணீரைப் புதிதாக ஊற்றினாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிக்கிற மாதிரியும் இருக்கும், கரிக்காத மாதிரியும் இருக்கும். சித்திரை வெயிலில், முழங்காலுக்கு மேல் புடவையைச் செருகிக்கொண்டு, தகரக் குவளையும் கையுமாக ஒரு பொம்பளை மொட்டை மாடியில் தண்ணீரை நக்கிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஜீவானந்தம் பார்த்துவிட்டு, தண்ணீர் விட்டால் மேடம் மாதிரி விடவேண்டும் என்று சித்தாள்களுக்கு எடுத்துச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது.

இருபத்தோராம் நாள் சென்ட்ரிங் பிரித்தார்கள். லோகநாதன் சம்மட்டியால் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிச் சாய்க்க, பலகைகள் படார் படார் என்று விழுந்தன. மற்ற அறைகள் முடிந்து அந்த அறைக்கு வந்தபோது ரோஹிணி வாசற்படியில் நின்றிருந்தாள். தூரப் போங்க்கா என்று அவர் கத்தியும் நகரவில்லை. கடைசி முட்டு சாய்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் விழவில்லை. கூரை வழவழவென்று, குழந்தையின் கன்னம் போல இருந்தது. லோகநாதன் பெருமையோடு, பாத்தீங்களாக்கா, ஒரு ஓட்டை இல்ல என்றார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த ஆறு மூட்டையால் ஏதாவது ஆகுமா என்று மெல்லக் கேட்டாள். அவர் சிரித்தார். எங்க ஊர்ல அந்தக் காலத்துல எல்லாம் அந்தத் தண்ணிலதான் கட்டிகினு இருந்தோம், நீங்க இன்னா இதுக்குப் போயி பேஜார் ஆவுறீங்க என்றார். அந்தக் காலத்து வீடுகள் எல்லாம் இப்போது எங்கே என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பயந்தவன் கண்ணுக்கு ஆகாசமெல்லாம் பேய் என்பார்கள். ரோஹிணிக்கு ஆகாசத்துக்குக் கீழே உள்ள கூரையெல்லாம் பேய். பள்ளிக்கூடத்தில், பாங்கில், பல் டாக்டர் வீட்டில், எங்கே போனாலும் முதலில் அண்ணாந்து பார்த்து விரிசல் தேடினாள். சாப்பாடு இறங்கவில்லை. ஆறு கிலோ இளைத்தாள். வீடு கட்டினால் இளைப்பது சகஜம்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சும்மாவா சொன்னான் என்று ஸ்ரீவத்சனின் ஆபீஸ்காரன் ஒருவன் வந்து சிரித்துவிட்டுப் போனான்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பூச்சு வேலை முடிந்து வெள்ளை அடித்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையைப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தாள். அந்த மூலையில், அவளுக்கு மட்டுமே தெரிந்த அந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, நகத்தால் சுரண்டி வாயில் வைத்தாள். உப்பு. சந்தேகமே இல்லை. ஸ்டூலில் நின்றபடியே கும்பிட்டாள். கடவுளே, குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, எனக்கு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அதில் ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிந்தது. மறுநாள் பெயிண்டர் அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று மேலே பெயிண்ட் அடித்துவிட்டான்.

அந்த வாரம் ஹர்ஷா அந்த அறைக்கு ஃபால்ஸ் சீலிங் போடலாம் என்று போனில் படம் காட்டினாள். கடல் நீலத்தில் திரைச்சீலை, கூரையோரம் மறைந்து எரியும் விளக்கு. ஆசை ஆசையாகப் பார்த்து வைத்திருந்தாள். ரோஹிணிக்குத் தூக்கி வாரிப் போட்டது. கூரையை மூடிவிட்டால் விரிசல் விட்டாலும் தெரியாதே. வேண்டவே வேண்டாம் என்று எரிந்து விழுந்தாள். ஏன் என்று ஸ்ரீவத்சன் கேட்டான். காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் சொன்ன காரணத்தைக் கேட்டு அவனே வாயைப் பிளந்தான்.

"அந்த ரூம் எனக்கு வேணும், வத்சா. வீட்டுல மூத்தவங்கதான் நைருதில படுக்கணும். வாஸ்து அப்படித்தான் சொல்லுது."

வாஸ்து. வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி கிண்டல் அடித்த ரோஹிணி. சமையலறையை மாற்றச் சொன்ன சித்தப்பாவிடம், அக்கினி மூலையில் வைத்தால் சாம்பாரில் உப்புத் தானாகச் சரியாகிவிடுமா என்று கேட்ட ரோஹிணி. சமையலறையை ஒட்டின சின்ன அறை போதும் எனக்கு, ஒண்டிக்கட்டைக்கு எதற்குப் பெரிய அறை என்று தானாகவே சொன்னவளும் அவள்தான். ஸ்ரீவத்சன் பெண்டாட்டியைப் பார்த்தான். ஹர்ஷா போனை அணைத்துவிட்டு, "சரிக்கா" என்றாள்.

அந்த "சரிக்கா" வழக்கமான "சரிக்கா" இல்லை. அதற்கப்புறம் பேச்சு இன்னும் சுருங்கிற்று. ஹர்ஷா புது வீட்டுப் பக்கமே வரவில்லை. திரைச்சீலை வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டாள். தன் அம்மாவிடம் போனில் ஏதோ சொல்வதும், ரோஹிணி வந்ததும் நிறுத்துவதுமாக இருந்தாள். ஒரு நாள் பாதி காதில் விழுந்தது. பாதி வீடு அவங்களோடதுதானேம்மா, நான் என்ன சொல்ல முடியும் என்றாள். ரோஹிணி சமையலறையில் நின்று அதைக் கேட்டாள். பேராசைக்காரி என்று நினைத்துக்கொள்ளட்டும், குழந்தை அந்தச் சின்ன அறையில் பத்திரமாகத் தூங்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆனால் மனசு கல்லாகவில்லை. வலித்தது.

தை மாதம் கிரகப்பிரவேசம். விடியற்காலை பசுமாட்டை உள்ளே அழைத்து வந்து, ஹோமம் வளர்த்து, பால் காய்ச்சினார்கள். உறவுக்காரர்கள் வந்து அறை அறையாகச் சுற்றிப் பார்த்தார்கள். பெரிய அறையில் ரோஹிணியின் ஒற்றைக் கட்டிலைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹர்ஷாவின் அம்மா வாசலிலேயே நின்று, அடேயப்பா, ஒருத்திக்கு எவ்வளவு காற்றோட்டம் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ரோஹிணி பதில் சொல்லாமல் கடந்து போனாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது அதிசயமாக இருந்தது.

மத்தியானம் பந்தி முடிந்தது. எஞ்சினியருக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி துண்டு வைத்துத் தாம்பூலம் கொடுப்பது முறை. லோகநாதன் புது வேட்டியை அங்கேயே கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். ஜீவானந்தம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். தேங்காய்ப் பை எடுத்து வர ரோஹிணி தன் அறைக்குள் போனாள்.

கட்டிலில் ஸ்ம்ருதி தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கே எழுப்பிவிட்ட குழந்தை. பட்டுப் பாவாடையோடு, கையில் கடித்த லட்டோடு, வாய் லேசாகத் திறந்திருக்க, சரியாக அந்த மூலைக்குக் கீழே. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றி, கொக்கி கிறீச் கிறீச்சென்று அசைந்துகொண்டிருந்தது.

இன்றைக்கே விழாது என்று அவளுக்குத் தெரியும். ஜீவானந்தம் சொன்ன ஐந்து வருடமும் பத்து வருடமும் மனப்பாடம். ஆனால் எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் அவர் சொன்னதுதானே. ரோஹிணி பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். குழந்தையை இரண்டு கையாலும் வாரி இழுத்தாள். இழுத்த வேகத்தில் ஸ்ம்ருதியின் தலை கட்டில் கட்டையில் இடித்தது. குழந்தை வீறிட்டது.

எல்லோரும் ஓடி வந்தார்கள். ஹர்ஷாவின் அம்மாதான் முதலில் வந்தார். "சின்னக் குழந்தை ஒரு மணி நேரம் அந்தக் கட்டில்ல படுத்தா குறைஞ்சா போயிடும்? இழுத்துத் தள்ளணுமா?" என்றார். பின்னால் ஹர்ஷா வந்தாள். கையை நீட்டி, குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவள் கண் நிறைந்திருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு உறவுக் கூட்டம் நின்றது. ஸ்ரீவத்சன் அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "என்னக்கா ஆச்சு உனக்கு?" என்று கேட்டான். அவன் குரலில் கோபம்கூட இல்லை. பாவம் என்று நினைக்கிறவன் குரல் அது.

நாளைக்கும் இந்தக் குழந்தை இங்கே வரும் என்று ரோஹிணிக்கு அப்போது புரிந்தது. அத்தையின் அறை என்று தினமும் வரும். எத்தனை தடவை இழுத்துத் தள்ளுவது?

"இங்க யாரும் படுக்கக் கூடாது. அந்த மூலை போர்த் தண்ணில போட்ட கான்கிரீட். லாரி வரலை. நான்தான் ஊத்தச் சொன்னேன்" என்றாள்.

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. ஜீவானந்தத்துக்குப் புரிந்தது. கையிலிருந்த வெற்றிலையை அப்படியே வைத்துவிட்டு வந்தார். லோகநாதன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே முன்னால் வந்தார். கேட்டது நான்தான் சார், அக்கா தலையத்தான் ஆட்ச்சி, இவ்ளோ ஆவும்னு நமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

எத்தனை மூட்டை என்று கேட்டார் ஜீவானந்தம். ஆறு என்றாள். எங்கிருந்து எது வரைக்கும் என்றார். ரோஹிணி கையைத் தூக்கி, ஒரே வெள்ளையாக இருந்த கூரையில் ஆரம்பித்த இடத்தையும் முடிந்த இடத்தையும் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். கனவில்கூடக் காட்டியிருப்பாள். அவர் ஸ்டூல் மேல் ஏறி, சாவிக் கொத்தால் தட்டித் தட்டிக் கேட்டார். பிறகு இறங்கி, திட்டாமல், அந்த கான்கிரீட்டில் ஒரு சில்லு வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார். மோசமாக இருந்தால் முட்டுக் கொடுத்து, அந்தப் பகுதியை மட்டும் உடைத்துவிட்டு மறுபடி போடலாம். பெரிய வேலைதான், ஆனால் கம்பி கெடுவதற்கு முன்னால் என்றால் செய்ய முடியும், அது வரைக்கும் இந்த அறையைப் பூட்டி வையுங்கள் என்றார். செய்ய முடியும் என்ற சொல்லை ரோஹிணி கேட்டாள். ஒன்பது மாதமாக அந்தச் சொல் இவரிடம் இருந்திருக்கிறது, அவள்தான் போய்க் கேட்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

ஸ்ரீவத்சன் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஹர்ஷா கூரையைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். ரோஹிணியைப் பார்த்தாள். தோளில் குழந்தை விசும்பிக்கொண்டிருந்தது.

"அதுக்குத்தான் இந்த ரூம் கேட்டீங்களா?" என்றாள்.

ஆமாம் என்று ரோஹிணி தலையை ஆட்டினாள்.

"நாங்க செத்துடக் கூடாது, நீங்க செத்தாப் பரவாயில்லையா? அதை யாரைக் கேட்டுக்கிட்டு முடிவு பண்ணீங்க?" ஒன்பது வருடத்தில் ஹர்ஷா குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது என்று அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறிவிட்டாள். "சும்மா இரும்மா. சொல்லுங்கக்கா, யாரைக் கேட்டீங்க? மூணு மாசமா உங்களைப் போய் நான் என்னவெல்லாம் நினைச்சிட்டேன் தெரியுமா?"

"யாரையும் கேக்கலை" என்றாள் ரோஹிணி. "பயமா இருந்தது, ஹர்ஷா."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் ஸ்ரீவத்சன் திரும்பிப் பார்த்தான். ஹர்ஷா இரண்டடி முன்னால் வந்து, குழந்தையை நாத்தனாரின் தோளுக்கு மாற்றினாள்.

"பிடிங்க. ஹாலுக்குக் கொண்டு போய்ப் படுக்க வைங்க. நான் மெத்தையை எடுத்துட்டு வர்றேன். இந்த ரூம்ல இனிமே நீங்களும் படுக்கப் போறதில்லை" என்று சொல்லி, கட்டிலில் இருந்த மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.